ஏமாற்றிய முடிவுகள்: வாசகர் கேள்வி – பதில்

திரைப்படம், தொலைக்காட்சித் தொடர், வீடியோ கேம் ஆகியவற்றின் முடிவுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முடிவைச் சொல்லாமல் முடிவைப் பற்றிப் பேச இயலாது என்பதால், ஒரு கதையை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் அதற்குரிய கேள்வியைத் தாண்டிச் சென்று படிக்கலாம்.

கேள்வி: நானும் என் மகளுமாக ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் எட்டு சீசன்களையும் பார்த்து முடித்தோம். கடைசியில் எங்கள் இருவருக்கும் கோபம்தான் வந்தது. “பிடித்த பெண் கெட்டவளாகிச் சாவதை உங்களால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்” என்கிறார் என் மருமகன். அது சரியா?
– வாசகி, கோயம்புத்தூர்

உங்கள் மருமகன் சொல்வதை நான் ஏற்கவில்லை. சோகத்தைத் தாங்கும் நெஞ்சு உங்களுக்கு உண்டு என்பதற்கு அந்தத் தொடரே சாட்சி. இவர்தான் கதாநாயகன் என்று நாம் நம்பியிருந்த நெட் ஸ்டார்க்கின் தலை முதல் சீசன் முடிவதற்குள்ளாகவே துண்டிக்கப்படுகிறது. மூன்றாவது சீசனின் ஒன்பதாவது எபிசோடில் அவருடைய மகன் ராப், கருவுற்ற மனைவியோடும் பெற்ற தாயோடும், திருமண விருந்துக்குப் போன இடத்திலேயே கொல்லப்படுகிறான். 2013 ஜூனில் அது ஒளிபரப்பானபோது பார்த்தவர்கள் பதறினார்கள், அழுதார்கள். ஆனாலும் அடுத்த சீசனுக்கு முன்னைவிட ஆவலோடு காத்திருந்தார்கள்.

காரணம், அந்தக் கொலைக்கான கணக்கு முதல் சீசனிலேயே தொடங்கிவிட்டது. ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும் என்பதற்காக, வால்டர் ஃப்ரேயின் மகள்களில் ஒருத்தியை மணப்பதாக ராப் தரப்பில் வாக்குக் கொடுக்கப்படுகிறது. இரண்டாவது சீசனில் அந்த வாக்கை மீறி, தான் காதலித்த வேறொரு பெண்ணை அவன் மணக்கிறான். மூன்றாவது சீசனில் படை மெலிந்துபோய், அதே ஃப்ரேயின் வாசலுக்கு உதவி கேட்டுத் திரும்பிப் போக நேர்கிறது. விருந்து மண்டபத்தின் கதவு சாத்தப்படுவதையும், எதிரிக் குலமான லானிஸ்டர்களின் பாடலை இசைக்கலைஞர்கள் வாசிக்கத் தொடங்குவதையும் ராபின் தாய் கேட்லின் கவனிக்கிறாள். பக்கத்தில் இருப்பவனின் சட்டைக் கையை விலக்கிப் பார்த்தால் உள்ளே இரும்பு வளையக் கவசம் தெரிகிறது. அவளுக்குப் புரியும் அதே நொடியில் நமக்கும் புரிகிறது; புரிந்த மறுகணமே, இது வேறு எப்படியும் முடிந்திருக்காது என்றும் தோன்றிவிடுகிறது. இந்த இரண்டாவது உணர்வுதான் மனநிறைவு. அதற்கும் இன்பத்துக்கும் தொடர்பே இல்லை.

இதை எட்டாவது சீசனின் ஐந்தாவது எபிசோடோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலைநகரின் மணி ஒலிக்கிறது, நகரம் சரணடைந்துவிட்டது. டிராகன் மீது அமர்ந்திருக்கும் நாயகி டெனேரிஸின் முகத்தைக் கேமரா மிக அருகில் காட்டுகிறது, அந்த முகம் சற்றே கோணுகிறது, அடுத்த கணம் அவள் பறந்துபோய்த் தெருத்தெருவாக மக்களை எரிக்கத் தொடங்குகிறாள். அதற்கான விதையே தொடரில் இல்லை என்று சொல்வது நியாயமாகாது. அடிமை வணிகர்களை வரிசையாகச் சிலுவையில் அறைந்தவள் அவள். மண்டியிட மறுத்தவர்களை டிராகனின் நெருப்புக்கு இரையாக்கியவள். அவளுடைய தந்தைக்கே ‘பைத்தியக்கார அரசன்’ என்றுதான் பெயர். ஆனால் எதிரிகளிடம் கொடுமையாக நடந்துகொண்ட ஒருத்தி, யாரை விடுவிக்கத் தான் பிறந்ததாக நம்பினாளோ அந்த எளிய மக்களையே எரிப்பவளாக மாறுவதற்கு இடையில் ஒரு நெடும்பயணம் இருக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கு இரண்டு எபிசோடுகளே ஒதுக்கப்பட்டன. மூன்றாவது எபிசோடில் அவளுடைய நெடுநாள் துணைவீரர் ஜோரா சாகிறார், நான்காவதில் ஒரு டிராகனும் தோழி மிசாண்டேயும் சாகிறார்கள், ஐந்தாவதில் நகரம் எரிகிறது. அவள் எரிக்கத் தொடங்கியபின் அந்த எபிசோடில் அவள் முகத்தை நாம் நெருக்கத்தில் பார்ப்பதே இல்லை. அவளை ஏழு சீசன்களாக உள்ளிருந்து காட்டிய கதை, மிக முக்கியமான நேரத்தில் அவளைவிட்டு வெளியே போய் நின்றுகொண்டது. உங்கள் கோபம் அங்கே பிறந்தது என்றே நினைக்கிறேன்.

இது ஏன் நேர்ந்தது என்பதற்கு விடை பெரும்பாலும் எண்களில் இருக்கிறது. முதல் ஆறு சீசன்களும் தலா 10 எபிசோடுகள், ஏழாவதற்கு 7, எட்டாவதற்கு 6. மூலக்கதையை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் ஐந்தாவது நாவல், தொடர் தொடங்கிய 2011ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. ஆறாவது நாவல் வராத நிலையில், தொடர் நாவல்களைத் தாண்டிப் போய்விட்டது. தொடரை உருவாக்கிய டேவிட் பெனியோஃப், டி. பி. வைஸ் இருவருக்கும் இறுதியில் என்னென்ன நடக்கும் என்பதை மார்ட்டின் பொதுவாகச் சொல்லியிருந்தார். போய்ச் சேர வேண்டிய ஊர்கள் தெரிந்தன, அவற்றை இணைக்கும் சாலைகளை அவர்களே போட வேண்டியிருந்தது, எச்.பி.ஓ. நிறுவனம் கூடுதல் எபிசோடுகளுக்கு ஆயத்தமாக இருந்தும், அவர்கள் குறைவான எண்ணிக்கையையே தேர்ந்தெடுத்தார்கள். கடைசி சீசனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்ற மனுவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அப்படிக் கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அத்தனை பேரும் நாயகி வாழ வேண்டும் என்று கேட்டவர்கள் அல்லர் என்பதை உங்கள் மருமகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ‘ஹவ் ஐ மெட் யுவர் மதர்’ தொடரின் முடிவைப் பார்த்துவிட்டு, ஒன்பது சீசன் பார்த்தது வீண் என்று தோன்றியது. எழுதியவர்களுக்கே முடிவு தெரியாமல்தான் இப்படி ஆகிறதா?
– வாசகர், சேலம்

இந்தத் தொடரைப் பொறுத்தவரை நடந்தது நேர்மாறானது. எழுதியவர்களுக்கு முடிவு மிக முன்னதாகவே தெரிந்திருந்தது, சிக்கலே அதுதான். கதையைத் தன் பிள்ளைகளிடம் தந்தை சொல்வதாக அமைந்த தொடர் அது. பிள்ளைகளாக நடித்தவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்பதால், அவர்கள் பேசும் இறுதிக் காட்சியை 2006ஆம் ஆண்டிலேயே படமெடுத்துப் பூட்டி வைத்துவிட்டார்கள். தாய் இறந்துவிட்டாள், அப்பா தன் பழைய காதலி ராபினிடம் மறுபடி போகட்டும் என்று பிள்ளைகள் சொல்வதுதான் அந்தக் காட்சி.

தொடர் 2014 மார்ச் வரை, 208 எபிசோடுகள் ஓடியது. அந்த எட்டாண்டுகளில் பாத்திரங்கள் வளர்ந்தார்கள். தந்தையின் நண்பன் பார்னிக்கும் ராபினுக்கும் உண்டான அன்பைப் பார்வையாளர்கள் நம்பத் தொடங்கினார்கள். அவர்களுடைய திருமண வாரக்கடைசி ஒன்றுக்காகவே ஏறத்தாழ ஒன்பதாவது சீசன் முழுவதும் செலவழிக்கப்பட்டது. எட்டாவது சீசனின் கடைசியில்தான் முதன்முதலாக முகம் காட்டிய தாயும் அந்த சீசனில் கதைக்குள் வந்து, சில காட்சிகளிலேயே எல்லோர் மனத்திலும் இடம்பிடித்துவிட்டாள். பிறகு இறுதி எபிசோடில், சில நிமிட இடைவெளியில், அந்தத் திருமணம் முறிகிறது. தாயின் மரணம் ஒரு சில வரிகளில் கடந்துபோகிறது. பெட்டியில் பூட்டி வைத்த பழைய காட்சி எடுத்து ஒட்டப்படுகிறது. 2006ஆம் ஆண்டின் கதைக்குப் பொருந்திய முடிவு, 2014ஆம் ஆண்டின் கதைக்குப் பொருந்தவில்லை. அதே ஆண்டு வெளியான டிவிடியில், தாய் உயிரோடு இருப்பதாக அமையும் மாற்று முடிவு ஒன்றையும் சேர்த்தார்கள். ஒன்பது சீசன் பார்த்தது வீண் என்று மட்டும் எண்ணாதீர்கள். அந்த மாற்று முடிவைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: என் அண்ணன் ‘மாஸ் எஃபெக்ட்’ கேமின் மூன்று பாகங்களையும் விளையாடியவர். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் முடிவைச் சொல்லிப் புலம்புகிறார். படம் பிடிக்காவிட்டால் இரண்டு நாளில் மறந்துவிடுகிறோம். கேமுக்கு மட்டும் ஏன் இவ்வளவு ஆதங்கம்?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

படத்தில் நாயகன் எடுக்கும் முடிவை நாம் பார்க்கிறோம். கேமில் அந்த முடிவை நாமே எடுக்கிறோம். அதிலும் ‘மாஸ் எஃபெக்ட்’ வேறு எந்தக் கேமும் அந்த அளவில் செய்யத் துணியாத ஒன்றைச் செய்தது. 2007இல் வந்த முதல் பாகத்தில் நீங்கள் யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைப் பலிகொடுத்தீர்கள் என்ற பதிவு, 2010இல் வந்த இரண்டாம் பாகத்துக்கும் 2012இல் வந்த மூன்றாம் பாகத்துக்கும் அப்படியே சென்று, அங்கே கதையை மாற்றியது. ஷெப்பர்ட் என்பது விளையாடுபவர் இயக்கும் நாயகப் பாத்திரம். ஐந்தாண்டுகளாக உங்கள் அண்ணனின் ஷெப்பர்ட் அவருடைய ஷெப்பர்டாகவே இருந்தார். வேறொருவரின் ஷெப்பர்டுக்கு வேறு நண்பர்கள், வேறு இழப்புகள். முடிவிலும் இந்த வேறுபாடு தெரியும் என்றும், இத்தனை வகை முடிவுகள் என்று எண்ணிச் சொல்லும்படி அது இருக்காது என்றும், வெளியீட்டுக்கு முன் தந்த பேட்டிகளில் தயாரிப்புத் தரப்பே சொல்லியிருந்தது.

நடந்தது என்னவென்றால், கடைசி சில நிமிடங்களில், அதுவரை கதையில் பாத்திரமாக இல்லாத ஒரு சக்தி சிறுவன் வடிவில் தோன்றி, மூன்று வழிகளை முன்வைத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிகள்; வெடித்துப் பரவும் ஒளியின் நிறம் மட்டும் சிவப்பு, நீலம், பச்சை என்று மாறியது. சற்றுமுன் பூமியில் நம்மோடு சேர்ந்து போரிட்ட தோழர்கள், எப்படி வந்தார்கள் என்ற விளக்கமே இல்லாமல், தொலைதூரக் கோளொன்றில் கப்பலிலிருந்து இறங்கினார்கள். ஐந்தாண்டுகளாகச் சேர்த்து வைத்த தேர்வுகளுக்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

இதே மூன்றாம் பாகத்தின் நடுவில் ஒரு கட்டம் உண்டு. உங்கள் அண்ணனிடம் அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், குரல் மாறிவிடும். க்ரோகன் இனத்தின் பிறப்பு விகிதத்தை ஒடுக்கிய உயிரியல் ஆயுதத்தைத் திருத்தி வலுப்படுத்தியவர்களில் ஒருவர் மோர்டின் என்ற விஞ்ஞானி. இரண்டாம் பாகத்தில் அதை அவர் நியாயப்படுத்திப் பேசுவார். அந்த நியாயம் அவருக்குள்ளேயே ஆட்டங்காணத் தொடங்குவதையும் நாம் காண்போம். மூன்றாம் பாகத்தில், அதற்கான மாற்று மருந்தைக் காற்றில் பரப்ப, இடிந்து விழப்போகும் கோபுரத்தின் உச்சிக்குத் தானே ஏறிப் போகிறார். எப்போதோ நமக்குப் பாடிக்காட்டிய பாட்டை முணுமுணுத்தபடியே வேலையை முடித்து, அங்கேயே மாண்டுபோகிறார். நீங்கள் முந்தைய பாகங்களில் செய்த தேர்வுகள் இந்தக் கட்டத்தை மாற்றும். அவர் உயிர் பிழைக்கவும்கூட ஒரு வழி உண்டு, ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை நெஞ்சை அறுக்கும். இந்த மரணத்தைப் பற்றி யாரும் மனக்குறை கொண்டு நான் கேட்டதில்லை. இப்படி எழுதத் தெரிந்தவர்கள் அப்படி முடித்தார்கள் என்பதால்தான் ஆதங்கம் இன்னும் தீராமல் இருக்கிறது.

கேம்களில் இன்னொரு வகைத் தவறும் நடக்கிறது: விளையாட்டு தானே வகுத்த விதியை முடிவுக்காகத் தானே மீறுவது. 2008இல் வெளிவந்த ‘ஃபால்அவுட் 3’ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதன் முடிவில், கடும் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் ஒருவர் நுழைந்து இயந்திரத்தை இயக்கியாக வேண்டும், நுழைபவர் சாவார். உங்கள் பக்கத்திலேயே ஃபாக்ஸ் என்ற தோழர் நிற்கக்கூடும். கதிர்வீச்சால் பாதிக்கப்படாதவர் அவர். சில மணி நேரம் முன்னதாக, அதே காரணத்தால்தான், இன்னொரு கதிர்வீச்சு அறைக்குள் போய் உங்களுக்குத் தேவையான கருவியை எடுத்துவந்து தந்தார். இப்போது போகச் சொன்னால், இது உன் விதி, நான் குறுக்கே வர மாட்டேன் என்று மறுக்கிறார். கதாநாயகன் தியாகம் செய்தாக வேண்டும் என்று எழுதியவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். அதற்காகப் பக்கத்தில் நிற்பவரின் அறிவை மழுங்கடித்தார்கள். 2009 மே மாதம் வந்த கூடுதல் பாகத்தில் தோழரை அனுப்பலாம் என்று திருத்தியதோடு, அதன்பிறகும் விளையாட்டைத் தொடரலாம் என்றும் ஆக்கினார்கள்.

கேள்வி: ரசிகர்கள் கேட்கிறார்கள் என்பதற்காகப் படைப்பாளி முடிவை மாற்றலாமா?
– வாசகர், யாழ்ப்பாணம்

விடுபட்டதை நிரப்புவது வேறு, விரும்பாததை மாற்றுவது வேறு என்று நான் பிரித்துப் பார்க்கிறேன். முந்தைய பதிலில் சொன்ன ‘மாஸ் எஃபெக்ட் 3’க்காக, 2012 ஜூன் மாதம் அதன் தயாரிப்பாளர்களான பயோவேர் இலவசமாக ஒரு விரிவாக்கம் வெளியிட்டார்கள். மூன்று வழிகளையும் அவர்கள் கைவிடவில்லை. தோழர்கள் எப்படிக் கப்பலுக்குத் திரும்பினார்கள், ஒவ்வொரு தேர்வுக்கும் பின் உலகம் என்னவாயிற்று என்பதைச் சேர்த்தார்கள். எழுத்தாளர் பணிந்துவிட்டார் என்று அதைக் குறை சொல்வது எனக்கு முறையாகத் தோன்றவில்லை. முடிக்காமல் விட்ட வேலையை முடித்துக் கொடுத்தார்கள். கதைக்கு முழுப் பொருத்தமான முடிவாக அது அப்போதும் ஆகவில்லை என்பது தனிச் செய்தி.

மாறாக, 1987இல் வந்த ‘ஃபேட்டல் அட்ராக்‌ஷன்’ படத்தில், மணமான நாயகனோடு உறவு கொண்ட பெண்ணாகக் கிளென் க்ளோஸ் நடித்த பாத்திரம் முதலில் தற்கொலை செய்துகொண்டு, பழி நாயகன் மீது விழும்படி முடிந்திருந்தது. முன்னோட்டத் திரையிடல்களில் பார்வையாளர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதால், நாயகனின் மனைவி அவளைச் சுட்டுக் கொல்வதாகத் திரும்ப எடுத்தார்கள். க்ளோஸ் அந்த மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். மனநலம் குலைந்த ஒரு பெண்ணைக் கொலைகாரியாக ஆக்கிவிட்டதாக அவர் வருந்தினார். படம் பெரும் வசூல் கண்டது. இருந்தும் நடிகையின் பக்கமே நான் நிற்பேன். அந்தப் பெண்ணைக் கதை அதுவரை காட்டிய விதத்துக்கு முதல் முடிவுதான் பொருந்துகிறது.

இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு, அதை நம் கல்கி காட்டியிருக்கிறார். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்து முடிந்தபோது, கதை திடுதிப்பென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் பலர் குறைப்பட்டு எழுதினார்கள். கல்கி முடிவை மாற்றவில்லை. முடிவுரை ஒன்றை எழுதி, அந்தக் குறைகளை எடுத்து வைத்துக்கொண்டே, சரித்திரக் கதையை ஏன் ஓரிடத்தில் நிறுத்தியாக வேண்டியிருக்கிறது என்று விளக்கினார். கதைமாந்தர்களுக்குப் பின்னாளில் நேர்ந்தவற்றையும் சுருக்கமாகத் தெரிவித்தார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் அறுதியிட்டுச் சொல்லாமலே விட்டார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு தமிழ் வாசகர்கள் எழுபது ஆண்டுகளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், யாரும் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை. ஏனென்றால் அந்தக் கொலை நடந்த இருட்டறையில் ஒவ்வொருவருக்கும் இருந்த காரணத்தை அவர் ஒளிக்காமல் காட்டியிருந்தார்.

கேள்வி: ‘த சொப்ரானோஸ்’ தொடரின் கடைசிக் காட்சியில் திரை கறுப்பாகிவிட்டது. இது முடிவா, அல்லது முடிவெழுதத் தெரியாததை மறைக்கும் தந்திரமா?
– வாசகர், சென்னை

தந்திரம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. 2007 ஜூன் 10 அன்று அமெரிக்காவில் அது ஒளிபரப்பானபோது, கேபிள் இணைப்பு அறுந்துவிட்டது என்றே பலர் எண்ணினார்கள். ஆனால் அந்தக் காட்சியை மறுபடி ஒருமுறை நிதானமாகப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

நியூ ஜெர்சியில் ஒரு சிறிய உணவகம். குற்றக் கும்பலின் தலைவனான டோனி முதலில் வந்து உட்கார்ந்து, மேசைப் பாட்டுப்பெட்டியில் ஒரு பாட்டைப் போடுகிறான். கதவு திறக்கும்போதெல்லாம் மணி ஒலிக்கிறது. மணி ஒலிக்கும்போதெல்லாம் அவன் நிமிர்ந்து பார்க்கிறான். அவன் பார்ப்பதை நாம் பார்க்கிறோம். மனைவி வருகிறாள். மகன் வருகிறான். அறிமுகமில்லாத ஒருவன் வந்து கல்லாவருகே உட்கார்ந்து, பிறகு எழுந்து கழிப்பறைக்குள் போகிறான். வெளியே மகள் காரை நிறுத்த இடம் பார்த்து முன்னும் பின்னும் தடுமாறுகிறாள். வெங்காய வளையங்கள் மேசைக்கு வருகின்றன. மகள் ஓடி வருகிறாள், மணி ஒலிக்கிறது, டோனி நிமிர்கிறான். இப்போது அவன் பார்ப்பதை நாம் பார்க்க வேண்டிய முறை. பார்ப்பது இருட்டு. ஓசையும் இல்லை. ஏறக்குறைய பத்து விநாடி அப்படியே இருந்து, பெயர்கள் வரத் தொடங்குகின்றன.

அதே இறுதி சீசனில், ஏரியில் படகில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த நேரம் வந்தால் நமக்குக் காதில்கூட விழாது என்று மைத்துனன் பாபி டோனியிடம் சொல்கிறான். கடைசிக்கு முந்தைய எபிசோடில் அந்தப் பேச்சு மறுபடியும் நினைவூட்டப்படுகிறது. ஆகவே அந்த இருட்டு எங்கிருந்தோ வந்து விழுந்ததல்ல. அவன் இறந்தானா என்ற கேள்விக்கு விடை இல்லாமல் இருக்கலாம். இனி வாழ்நாள் முழுவதும் ஒவ்வொரு கதவோசைக்கும் நிமிர்ந்து பார்க்க வேண்டிய மனிதன் அவன் என்ற விடை அங்கே முழுமையாக இருக்கிறது. திறந்த முடிவு என்ற பெயரில் நம்மை ஏய்க்கிற கதைகள் நிறைய உண்டு. இதை அந்த வரிசையில் சேர்ப்பது அநியாயம்.

கேள்வி: ‘லாஸ்ட்’ தொடரில் விமான விபத்திலேயே எல்லோரும் இறந்துவிட்டார்கள், மற்றதெல்லாம் மறுவுலகம் என்கிறார்கள். அப்படியானால் ஆறு சீசனும் பொய்தானே?
– வாசகர், புதுச்சேரி

இல்லை. தீவில் நடந்தது அனைத்தும் உண்மையாகவே நடந்தது என்று, கடைசி எபிசோடில் நாயகன் ஜாக்கின் தந்தை வாய்விட்டே சொல்கிறார். சிலர் ஜாக்குக்கு முன்பும், சிலர் அவனுக்கு வெகுகாலம் பின்பும் இறந்தார்கள், பிறகு எல்லோரும் ஓரிடத்தில் சந்திக்கிறார்கள். குழப்பத்துக்குத் தொலைக்காட்சி நிறுவனமும் ஒரு காரணம். 2010 மே 23 அன்று தொடர் முடிந்ததும் உடனே செய்திக்குத் தாவ வேண்டாம் என்று, கடற்கரையில் கிடக்கும் விமானச் சிதைவுகளின் காட்சியை அவர்களாகச் சேர்த்து ஓடவிட்டார்கள். ஆளரவமற்ற அந்தக் கரையைப் பார்த்தவர்கள், யாருமே பிழைக்கவில்லை என்று பொருள் கொண்டுவிட்டார்கள். முடிவு எல்லா மர்மங்களையும் அவிழ்க்கவில்லை என்ற குறை நியாயமானது. பொய் என்ற குற்றச்சாட்டு நியாயமானதல்ல.

கேள்வி: ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ தெலுங்கில் வேறு மாதிரி முடிகிறதாமே? எது சரியான முடிவு?
– வாசகி, மதுரை

2010இல் இரு மொழிகளிலும் வெவ்வேறு நடிகர்களோடு ஒன்றாக வெளியான படம் அது. தமிழில் ஜெஸ்ஸி வேறொருவரை மணந்துவிடுகிறாள். கார்த்திக் அந்தக் காதலையே படமாக எடுக்கிறான். ‘ஏ மாய சேசாவே’ என்ற தெலுங்கு வடிவத்தில் இருவரும் சேர்கிறார்கள். இரண்டையும் எடுத்தவர் கௌதம் மேனன்தான். எனக்குத் தமிழ் முடிவே சரியாகப் படுகிறது. படம் நெடுக ஜெஸ்ஸி ஓரடி முன்வைத்து ஈரடி பின்வைப்பவளாகவே இருக்கிறாள். வீட்டாரைத் துறந்து வர அவளால் முடியாது என்பதை அவளே பலமுறை சொல்லியும் விடுகிறாள். நாமும் கார்த்திக்கைப் போலவே அதைக் காதில் வாங்கிக்கொள்ளாமல் இருந்தோம்.

கேள்வி: நம் தொலைக்காட்சி நெடுந்தொடர்கள் ஆண்டுக்கணக்கில் ஓடிவிட்டு, ஒரே வாரத்தில் வில்லி மனம் திருந்தி முடிந்துவிடுகின்றனவே?
– வாசகி, திருச்சி

அங்கே முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கதை அல்ல, டி.ஆர்.பி.யும், அந்த நேரத்துக்கு அடுத்து வரவிருக்கும் தொடரும்தான். முடிக்கும் தேதி எழுதுபவருக்குக் கடைசி நேரத்தில் தெரிந்தால், ஆண்டுக்கணக்காக வளர்த்த பகையைச் சில எபிசோடுகளுக்குள் தீர்க்கத் திருந்துதல் ஒன்றே வழி. மாலை ஆறரைக்கும் ஏழுக்கும் அடுப்பு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து உட்காரும் பார்வையாளருக்கு, ஒரு மாதம் முன்னதாகவே தொடரின் முடிவுத் தேதியை அறிவிக்கும் மரியாதையையாவது சேனல்கள் தர வேண்டும். எழுதுபவருக்கு அதற்கும் முன்பே தர வேண்டும்.

கேள்வி: ‘டெக்ஸ்டர்’ தொடரைத் தொடங்கலாம் என்றிருந்தேன். முடிவு மோசம் என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். முடிவு மோசமானால் முழுவதும் மோசம்தானே, எதற்காகப் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

உளவியலாளர் டேனியல் கானெமன் தன் சகாக்களோடு செய்த ஆய்வுகளில் ஒன்று, பெருங்குடலுக்குள் குழாய் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோபி பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் வலியை எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியது. எவ்வளவு நேரம் வலித்தது என்பது நினைவில் அவ்வளவாகப் பதியவில்லை. வலி உச்சத்தில் இருந்த கணமும், முடியும்போது இருந்த வலியும்தான் பதிந்தன. அதே கானெமன் இன்னொன்றும் சொல்வார்: அருமையான இசைப்பதிவு ஒன்றை நெடுநேரம் கேட்ட ஒருவர், இறுதியில் வந்த ஒரு கொடூரமான கீறல் ஓசை முழு அனுபவத்தையும் கெடுத்துவிட்டது என்றாராம். கெட்டது அனுபவம் அல்ல, அனுபவத்தின் நினைவு மட்டுமே. அவர் கேட்ட இசையைக் கேட்டது கேட்டதுதான் என்பது கானெமனின் விளக்கம். உங்கள் நண்பர்கள் சொல்வது அவர்களுடைய நினைவை. அவர்கள் ஒவ்வொரு இரவும் அடுத்த எபிசோடுக்குத் தாவித் தாவிப் பார்த்ததும் பொய்யல்ல.

‘டெக்ஸ்டர்’ விஷயத்தில் உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. 2006 முதல் 2013 வரை எட்டு சீசன்கள் ஓடிய அந்தத் தொடரின் இறுதி பலருக்கும் பிடிக்காமல் போய், அதைச் சரிசெய்ய 2021இல் புதிய தொடர் ஒன்று வந்து, அதன் முடிவும் பலருக்குக் கசந்தது. 2025இல் மறுபடியும் தொடங்கியிருக்கிறார்கள். இவை எதுவும் நீங்கள் பார்த்தே தீர வேண்டியவை அல்ல. முதல் நான்கு சீசன்கள், தலா 12 எபிசோடுகளாக 48 எபிசோடுகள், ஒரு முழுமையான கதையாகவே அமைந்துவிடுகின்றன. நான்காவது சீசனில் ஜான் லித்கோ நடித்திருக்கும் பாத்திரம், தொடர் எழுப்பிய மூலக் கேள்வியை, அதாவது கொலைவெறியையும் குடும்பத்தையும் ஒருவன் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்பதை, நாயகனுக்கு நேராகத் திருப்பிவிடுகிறது. அந்த சீசனின் கடைசிக் காட்சியில் அதற்கு விடை கிடைக்கிறது. கொடுமையான விடை, முதல் எபிசோடிலிருந்தே வந்துகொண்டிருந்த விடை. அது என்ன என்பதை உங்களுக்கு இங்கே சொல்லப்போவதில்லை. 48ஆவது எபிசோடு வரை யார் சொல்வதையும் கேட்காமல் பாருங்கள்; அங்கே நிறுத்திவிட்டு, மேலே போகத் தோன்றுகிறதா என்று எங்களுக்கு எழுதுங்கள்.